பொது என்றொரு முகவரி

2009ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், கூகுள் வேவ் பயன்படுத்தியவர்களிடையே ஒரு விசித்திரமான செய்முறை கைமாறிக்கொண்டிருந்தது. நீங்கள் எழுதியதை எல்லோரும் படிக்க வேண்டுமா? அதற்கென்று அங்கே பொத்தான் எதுவும் கிடையாது. தொடர்புப் பட்டியலைத் திறந்து, 'பப்ளிக் அட் ஏ டாட் ஜிவேவ் டாட் காம்' என்ற முகவரியைத் தட்ட வேண்டும். அப்படி ஒருவருக்கு வேவ் கணக்கே இல்லை என்று திரை சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று என்டர் விசையை அழுத்தினால் முகவரி பட்டியலில் ஏறிவிடும். பிறகு ஒரு நண்பரைச் சேர்ப்பது போலவே அந்த 'பப்ளிக்' என்ற ஆளையும் உரையாடலில் சேர்த்துவிட்டால் போதும். உலகம் உள்ளே வந்துவிடும்.

கேட்டதும் அவசரத்தில் ஒட்டுப்போட்ட வேலை என்றுதான் தோன்றும். ஓரளவு அப்படித்தான். ஆனாலும் பல சர்வர்கள் கூடி இயங்கும் ஒரு அமைப்பில் எது பொது, எது அந்தரங்கம் என்பதை அந்த ஒட்டுவேலை காட்டிக்கொடுத்த அளவுக்கு, பின்னால் வந்த அழகான பொத்தான்கள் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

வேவ் சிட்னியில் உருவானது. கூகுள் மேப்ஸுக்கு அடித்தளம் போட்ட லார்ஸ் ராஸ்முசன், ஜென்ஸ் ராஸ்முசன் என்ற சகோதரர்கள்தான் இதற்கும் தலைமை. மின்னஞ்சலை இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்தால் அது எப்படி இருக்கும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 2009 மே 28 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய 80 நிமிடம் மேடையில் இயக்கிக் காட்டினார்கள். செப்டம்பர் 30இல் ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு போனது. அழைப்பு கிடைக்காதவர்கள் இபேயில் காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு ஆசை பரவியது.

வேவில் எழுதப்படுவது ஒரே நேரத்தில் கடிதமாகவும் ஆவணமாகவும் அரட்டையாகவும் இருந்தது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த நொடியே தெரியும், எழுத்துப்பிழையும் அதை நீங்கள் பதறிக்கொண்டு அழிப்பதும் உட்பட. யார் பார்க்கலாம் என்பதற்கு ஒரே விதிதான்: பங்கேற்பாளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? இருந்தால் படிக்கலாம், திருத்தலாம், இன்னொருவரையும் இழுத்து வரலாம். தொடக்க மாதங்களில் சேர்த்தவரை நீக்குவதற்கு வழியில்லை. போதாக்குறைக்குப் 'பிளேபேக்' என்றொரு வசதி இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர், அந்த உரையாடலை முதல் எழுத்திலிருந்து படம் போல ஓட்டிப் பார்க்கலாம். காலையில் மூன்று பேர் மேலதிகாரியைப் பற்றிப் புலம்பினார்கள். பயந்துபோய் அதை அழித்தார்கள். மாலையில் வேறு வேலையாக அவரையே அந்த வேவில் சேர்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழித்தது அவருக்கு அழிந்ததாகவே இருக்காது. அழித்த நேரம்கூடத் தெரியும்.

இந்த விதியோடு 'பப்ளிக்' என்ற ஆளைச் சேர்த்தால் என்ன நடக்கும்? படிப்பது மட்டும் பொதுவாகாது, திருத்துவதும் பொதுவாகிவிடும். யாரோ ஒரு முகம் தெரியாதவர் வந்து மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் போகலாம். போனார்கள். பொது வேவுகளை மட்டும் தேடிப் பார்த்தால் பட்டியல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றைப் படிக்கக் கண் போவதற்குள் அது கீழே போயிருக்கும். படிக்கும் உரிமை, எழுதும் உரிமை, பிறரை அழைக்கும் உரிமை மூன்றும் தனித்தனி என்பது இயங்குதளங்களை எழுதியவர்கள் 1970களிலேயே அறிந்திருந்த விஷயம். யூனிக்ஸ் கோப்புகளில் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதிகள் உண்டு. வேவ் அதை மறந்துவிட்டுப் பிறகு 2010இல் மெல்ல மெல்ல நினைவுபடுத்திக்கொண்டது.

*

வேவின் உண்மையான புதுமை இதற்கெல்லாம் அடியில் இருந்தது. மின்னஞ்சலைப் போல இதற்கும் யார் வேண்டுமானாலும் சொந்த சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவதில்லையா, அதுபோல ஒரு நிறுவனத்தின் வேவ் சர்வரில் இருப்பவர் இன்னொரு நிறுவனத்தின் வேவ் சர்வரில் இருப்பவரோடு சேர்ந்து ஒரே ஆவணத்தைத் திருத்தலாம். இதைத்தான் கூட்டமைப்பு முறை என்கிறோம். நடுவில் ஒரு முதலாளி கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தன் வீட்டுக்குத் தானே ராஜா. பேசிக்கொள்ளும் மொழி மட்டும் எல்லோருக்கும் ஒன்று. வேவ் அதற்காக எக்ஸ்எம்பிபி என்ற பழைய அரட்டை நெறிமுறையின் மேல் தன் மொழியைக் கட்டியது.

ஒரே சர்வர் என்றால் அந்தரங்கம் எளிது. தகவல் ஓரிடத்தில் இருக்கிறது, வாசலில் ஒரு காவல்காரர் நிற்கிறார். கேட்பவர் பெயர் பட்டியலில் இருந்தால் விடுவார், இல்லாவிட்டால் விடமாட்டார். நாளைக்கு உங்கள் மனம் மாறினால் பட்டியலை மாற்றினால் போதும். கூட்டமைப்பில் அப்படி முடியாது. எதிர்முனையில் இருப்பவர் தன் சர்வரில்தான் படிக்கிறார் என்றால், அங்கே ஒரு நகல் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நகல் போன பிறகு உங்கள் காவல்காரருக்கு அங்கே அதிகாரம் இல்லை.

வேவை வடிவமைத்தவர்கள் இதற்கு ஒரு நல்ல விடை வைத்திருந்தார்கள். ஒரு வேவுக்குள் பல 'வேவ்லெட்'கள் இருக்கும். ஒவ்வொரு வேவ்லெட்டுக்கும் தனிப் பங்கேற்பாளர் பட்டியல். ஒரு வேவ்லெட்டில் உங்கள் சர்வரைச் சேர்ந்த ஒருவராவது இருந்தால்தான் அதன் நகல் உங்கள் சர்வருக்கு வரும். உங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த இருவரும் வெளி நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும் ஒரு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நடுவில் நீங்கள் இருவர் மட்டும், "இந்த விலைக்குச் சம்மதிக்கலாமா?" என்று கிசுகிசுக்க வேண்டும். திரையில் அந்தக் கிசுகிசு அதே உரையாடலுக்குள் பதிந்தபடி தெரியும். அடியிலோ அது தனி வேவ்லெட். வெளி நிறுவனத்தின் சர்வருக்கு அதில் ஒரு எழுத்துகூடப் போகாது. "இதை மறைத்து வை" என்று அந்தச் சர்வரிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு அனுப்பவே இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அத்தியாயம் முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

வேவின் கதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2010 மே மாதம் எல்லோருக்கும் கதவைத் திறந்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று இனி மேம்படுத்தப்போவதில்லை என்று கூகுள் அறிவித்தது. 2012 ஏப்ரல் 30இல் சேவை நின்றது. நோவெல் போன்ற சில நிறுவனங்கள் இந்த நெறிமுறையோடு இணையும் பொருள்களைச் செய்தன என்றாலும், சர்வர்கள் கைகோப்பது சோதனை அளவைத் தாண்டவே இல்லை. நிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போய், 2018 ஜனவரியில் அங்கேயும் ஓய்வு பெற்றது.

*

அதே 2018 ஜனவரியில், 23ஆம் தேதி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. ஜெர்மனியில் யூகென் ரோச்கோ 2016இல் தொடங்கிய மாஸ்டோடான் அதற்குள் இந்த மொழிக்கு மாறியிருந்தது. ட்விட்டரைப் போலவே தோன்றும், ஆனால் ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்கள். இந்தியாவில் பலருக்கு இந்தப் பெயர் அறிமுகமானது 2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை எதிர்த்து ஒரு கூட்டம் இங்கே குடிபெயர்ந்தபோது. அதில் பெரும்பகுதி சீக்கிரமே திரும்பிப் போய்விட்டது, அது வேறு கதை.

ஆக்டிவிட்டிபப்பில் ஒவ்வொரு பதிவும் கடிதத்தைப் போல 'டூ', 'சிசி' என்ற இரு வரிகளைச் சுமந்துகொண்டு போகிறது. பெறுநர்களின் முகவரிகள் அதில் இருக்கும். பதிவு எல்லோருக்கும் என்றால் என்ன செய்வது? நெறிமுறையை எழுதியவர்கள் வேவின் ஒட்டுவேலை போய் நின்ற இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். 'பப்ளிக்' என்ற ஒரு முகவரி. டபிள்யூ3சி தளத்தின் பெயரில் அமைந்த நீளமான இணைய முகவரி அது. அந்த விலாசத்தில் ஆள் யாரும் இல்லை. அங்கே எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது. பெறுநர் வரிசையில் அந்தப் பெயரைப் பார்க்கும் சர்வர், "இதை யார் கேட்டாலும் காட்டலாம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

மாஸ்டோடானில் எழுதும்போது நான்கு தெரிவுகள் கிடைக்கும்: பொது, பட்டியலில் வராதது, பின்தொடர்பவர்களுக்கு மட்டும், குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும். நான்குக்கும் நான்கு சின்னங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எந்திரம் உள்ளே சுழல்கிறது என்ற எண்ணத்தைத் திரை உண்டாக்குகிறது. அடியில் போய்ப் பார்த்தால், முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 'பப்ளிக்' முகவரி எந்த வரியில் இருக்கிறது என்பது மட்டும்தான். 'டூ' வரியில் பப்ளிக், 'சிசி' வரியில் பின்தொடர்பவர்கள் என்றால் அது பொது. இடம் மாற்றிப் போட்டால் பட்டியலில் வராதது. அதாவது, இணைப்பு கிடைத்த யாரும் படிக்கலாம், ஆனால் பொது ஓடையிலும் தேடலிலும் வராது. இந்த இடமாற்றத்துக்கு அப்படியொரு பொருள் உண்டு என்று ஆக்டிவிட்டிபப் எங்கேயும் சொல்லவில்லை. அது மாஸ்டோடான் வைத்துக்கொண்ட வழக்கம். அந்த வழக்கத்தை அறியாத ஒரு மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே நடத்தினால் அதைத் தவறென்று சொல்ல நெறிமுறையில் ஆதாரம் இல்லை.

மூன்றாவது தெரிவு இன்னும் தந்திரமானது. 'பின்தொடர்பவர்களுக்கு மட்டும்' என்பதைப் பார்த்து நிம்மதியாக எழுதுகிறோம். ஆனால் கணக்கைத் திறந்தபடி விட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் பின்தொடரலாம், நம் சம்மதம் தேவையில்லை. பொத்தானை அழுத்தியதும் அவர் அந்த 'மட்டும்' என்பதற்குள் வந்துவிடுகிறார். பின்தொடர நம் அனுமதி கேட்க வேண்டும் என்ற இன்னொரு அமைப்பு வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இயக்கினால்தான் கதவுக்குப் பூட்டு வருகிறது. ஒரு பாதுகாப்பை இரண்டு திரைகளில் பிரித்து வைப்பது மோசமான வடிவமைப்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

பூட்டும் போட்டாயிற்று. அனுமதித்த நாற்பது பேர் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஐந்து பேர் ஒரே சர்வரில் இருக்கிறார்கள். ஐந்து நகல் அனுப்புவது வீண் என்பதால் பெரிய சர்வர்களுக்குப் பொதுவான ஒரு அஞ்சல் பெட்டி உண்டு. ஒரே நகலை அங்கே போட்டுவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள், தூரத்து ஊருக்கான பத்திரிகைகளை மொத்தமாக அந்த ஊர் மாமா வீட்டில் கொடுத்து, "யார் யாருக்குன்னு உங்களுக்கே தெரியும் மாமா, நீங்களே கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வருவதைப் போல. மாமாவுக்கு யார் சொந்தம், யார் சொந்தமில்லை என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் சபையில் தெரியும்.

2025 மார்ச்சில் அது தெரிந்தது. பிக்சல்ஃபெட் என்பது இன்ஸ்டகிராம் பாணியில் அமைந்த, அதே ஆக்டிவிட்டிபப் மொழி பேசும் மென்பொருள். அதிலிருந்து ஒருவர் பூட்டிய மாஸ்டோடான் கணக்கைப் பின்தொடரப் பொத்தானை அழுத்தினால், கோரிக்கை மாஸ்டோடானுக்குப் போகும். அந்தப் பக்கத்திலிருந்து 'ஏற்றேன்' என்ற பதில் வந்த பிறகுதான் அவரைப் பின்தொடர்பவராகக் கருத வேண்டும். பிக்சல்ஃபெட் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் ஏட்டில் அவரை உடனே பின்தொடர்பவர் என்று எழுதிக்கொண்டது. அவர் மட்டும் இருக்கும் சர்வர் என்றால் இதனால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அங்கே பதிவே அனுப்பப்படாது. ஆனால் அதே சர்வரில் முறையாக அனுமதி பெற்ற வேறொருவர் இருந்தால்? அவருக்காகப் பதிவின் நகல் அங்கே வரும். வந்ததைச் சர்வர் தன் ஏட்டைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். ஏட்டில் அனுமதி பெறாதவரும் இருக்கிறார்.

இதில் எழுதியவர் செய்த பிழை என்ன? எதுவும் இல்லை. கணக்கைப் பூட்டியிருந்தார், பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று தெரிவு செய்திருந்தார், ஒவ்வொருவரையும் பார்த்துத்தான் அனுமதித்திருந்தார். மாஸ்டோடானும் நெறிமுறைப்படியே நடந்தது. தன் கணக்குப் பக்கத்தை எத்தனை முறை சோதித்திருந்தாலும் அந்த வேண்டாத வாசகரின் பெயர் பின்தொடர்பவர் பட்டியலில் அவருக்குத் தெரிந்திருக்காது. அது இருந்தது வேறொரு சர்வரின் ஏட்டில். ஓட்டையை அடைத்து 1.12.5 என்ற பதிப்பை பிக்சல்ஃபெட் வெளியிட்டது. ஆனால் அதை நிறுவ வேண்டியது நூற்றுக்கணக்கான சர்வர்களை நடத்தும் தனித்தனி நிர்வாகிகள். கூட்டமைப்பில் ஒரு திருத்தம் அறிவிக்கப்படும் நாளும் அது நடைமுறைக்கு வரும் நாளும் ஒன்றல்ல.

இப்படி நடக்கலாம் என்று மாஸ்டோடானை எழுதியவர்களுக்கு முன்பே தெரியும். இரு சர்வர்கள் வைத்திருக்கும் பின்தொடர்பவர் பட்டியல்களும் ஒத்துப்போகின்றனவா என்று, பட்டியலிலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டைப் பதிவோடு சேர்த்து அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அதையும் எதிர்ப்பக்கம் மதித்தால்தான் பலன்.

*

எதிர்ப்பக்க சர்வர் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்றே கொள்வோம். அப்போதும் இரு முனைகளிலும் நிர்வாகிகள் என்று மனிதர்கள் இருக்கிறார்கள். மாஸ்டோடானின் 'குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும்' என்ற பதிவு சர்வரின் தரவுத்தளத்தில் மறையாக்கம் எதுவும் இல்லாமல், வெறும் எழுத்தாகத்தான் கிடக்கிறது. எழுதும் இடத்திலேயே அந்த எச்சரிக்கையும் வருகிறது. இதைச் சொல்லிவிடும் மென்பொருள்கள் குறைவு, அந்த நேர்மைக்கு ஒரு பாராட்டு.

2023 மே மாதம் அமெரிக்காவில் எஃப்பிஐ ஒருவர் வீட்டைச் சோதனை போட்டது. அவர் கொலெக்டிவா என்ற மாஸ்டோடான் சர்வரின் நிர்வாகிகளில் ஒருவர். சோதனைக்கும் சர்வருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எடுத்துச்செல்லப்பட்ட கருவிகளில் சர்வர் தரவுத்தளத்தின் காப்பு நகல் ஒன்றும் இருந்தது, மறையாக்கம் செய்யப்படாமல். அந்தச் சர்வரின் பயனர்கள் எழுதியது மட்டுமா போனது? வேறு சர்வர்களில் இருந்துகொண்டு அவர்களுக்கு எழுதியவர்களின் அந்தரங்கப் பதிவுகளும் அந்தக் காப்பு நகலுக்குள்தான் இருந்தன. நம் சர்வரின் நிர்வாகியை நமக்குத் தெரிந்திருக்கலாம், அவர் மேல் நம்பிக்கையும் இருக்கலாம். நம் நண்பரின் சர்வர் நிர்வாகி யார், அவர் எந்த மேசையில் எந்த வட்டை வைத்திருக்கிறார் என்பதை யார் விசாரிக்கிறார்கள்?

அந்தரங்கத்தை விட்டுவிட்டுப் பொதுவுக்கு வருவோம். அங்காவது சிக்கல் இல்லை என்று நினைக்கலாம், எல்லோருக்கும் காட்டத்தானே எழுதினோம். 2024 பிப்ரவரியில் ரயன் பாரெட் என்ற நிரலாளர் மாஸ்டோடான் உலகத்துக்கும் புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்துக்கும் இடையே ஒரு பாலம் கட்ட முன்வந்தார். பொதுப் பதிவுகள் தானாகவே அக்கரைக்கும் போகும், வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 'பொது' என்று நாங்கள் தெரிவு செய்தது இந்த ஊருக்குப் பொது, அந்த ஊருக்கு அல்ல என்றார்கள். தர்க்கம் பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், ஏனென்றால் 'பப்ளிக்' முகவரியில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. ஆனால் தகவல் தத்துவம் பேசும் ஹெலன் நிசன்பாம், மனிதர்கள் அந்தரங்கத்தை அப்படி 'தெரியும், தெரியாது' என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதை 2010இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எந்தச் சூழலில் சொன்னோமோ அந்தச் சூழலின் வழக்கப்படி அது பயணப்பட வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு. மருத்துவரிடம் சொன்னது மருத்துவமனைக்குள் பத்துப் பேர் கைக்குப் போகலாம், முதலாளி காதுக்குப் போகக் கூடாது. பாரெட் எதிர்ப்பைக் கேட்டுக்கொண்டு ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார்: விரும்பிச் சேர்பவர்களுக்கு மட்டுமே பாலம். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எதிர்த்தவர்களின் கோபத்தில் பாதி, நெறிமுறை ஒருபோதும் கொடுக்காத வாக்குறுதிக்காக என்றாலும்.

எந்த ஊருக்குப் பொது என்ற கேள்வி அரசாங்கங்களையும் விடவில்லை. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக 'சாப்' என்ற செய்திச் செயலியை 2019 ஏப்ரல் 18இல் அறிமுகப்படுத்தியது. மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு கூட்டமைப்பு நெறிமுறையின் மேல் கட்டியது. அமைச்சகங்களுக்குத் தனித்தனி சர்வர்கள். அரசு மின்னஞ்சல் முகவரி உள்ளவர்கள் மட்டுமே சேர முடியும். உள்ளே 'பொது அறைகள்' உண்டு. அங்கே பொது என்றால் அரசு ஊழியர் எவரும் நுழையலாம் என்று பொருள். எலியட் ஆல்டர்சன் என்ற புனைபெயரில் ஆதார் செயலியையும் பின்னாளில் ஆரோக்கிய சேதுவையும் கிண்டிக் கிளறியதால் இந்தியாவில் பலருக்கும் தெரிந்த ரோபெர் பாப்திஸ்த், அறிமுகமான அன்றே உள்ளே போய்விட்டார். அவர் கொடுத்த மின்னஞ்சல் முகவரியில் முதலில் அவருடைய சொந்த முகவரி, அதன் வாலில் இன்னொரு 'அட்' குறி போட்டு அதிபர் மாளிகையின் முகவரி. அனுமதிப் பட்டியலைப் பார்த்த நிரல் வாலைப் படித்து, அதிபர் மாளிகைக்காரர் என்று ஒப்புக்கொண்டது. உறுதிப்படுத்தும் கடிதத்தை அனுப்பிய நிரல் தலையைப் படித்து, கடிதத்தை அவருடைய சொந்தப் பெட்டிக்கே அனுப்பியது. பைத்தான் மொழியின் முகவரி பிரிக்கும் செயல்கூறில் இருந்த கோளாறு அது. தகவல் தெரிவித்ததும் மேட்ரிக்ஸ் குழுவினர் விரைவாகச் சரிசெய்தார்கள். பொது அறைகளை மட்டுமே அவரால் பார்க்க முடிந்தது. தனி உரையாடல்கள் மறையாக்கத்துக்குள் இருந்தன.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம்.

மேட்ரிக்ஸ் 2014இல் தொடங்கியது. அதில் ஒரு அறை எந்த ஒரு சர்வரிலும் இருப்பதில்லை. பங்கேற்பவர்களின் சர்வர்கள் ஒவ்வொன்றிலும் அதன் முழு நகல் இருக்கும், அவை ஒன்றோடொன்று ஒத்திசைந்துகொண்டே இருக்கும். பொது, அந்தரங்கம் என்ற இரட்டைப் பொத்தான் இங்கே நுணுக்கமாக உடைக்கப்பட்டிருக்கிறது. யார் சேரலாம் என்பது ஒரு கேள்வி: எவரும், அழைக்கப்பட்டவர் மட்டும், கதவைத் தட்டிக் கேட்பவர் என்று விடைகள். பழையதை யார் படிக்கலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு நான்கு விடைகள்: சேராமலே யாரும், சேர்ந்தவர்கள் தாங்கள் சேர்வதற்கு முன் நடந்ததையும், அழைக்கப்பட்ட நொடியிலிருந்து, சேர்ந்த நொடியிலிருந்து. வேவின் பிளேபேக்கில் சிக்கிக்கொண்ட அந்த மூவருக்கு இது அன்றைக்குக் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள். இன்னொரு நல்ல விதியும் உண்டு. அமைப்பை மாற்றினால் அது இனி வருபவற்றுக்கே பொருந்தும். நேற்று அடைத்த கதவுக்குள் சொன்னதை இன்றைக்கு யாரோ ஒருவர் திறந்துவிட முடியாது.

இவையும் சர்வர்கள் மதித்து நடக்க வேண்டிய விதிகள்தான். ஆனால் 2020 மே மாதத்திலிருந்து மேட்ரிக்ஸின் முதன்மைச் செயலியான எலிமென்டில் புதிய தனி அறைகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இயல்பாகவே வந்துவிடுகிறது. எழுதுபவரின் கருவியில் பூட்டி, படிப்பவரின் கருவியில் திறப்பது. நடுவில் எத்தனை சர்வர்களில் நகல் கிடந்தாலும் அவற்றுக்கு அது புரியாத எழுத்துக் குவியல். கோரிக்கை என்ற நிலையிலிருந்து பூட்டு என்ற நிலைக்கு வருவது இங்கேதான்.

பூட்டு வந்ததும் பழைய பொத்தான்கள் சில பொய்யாகிவிட்டன. 'முன் நடந்ததையும் படிக்கலாம்' என்று அமைப்பு சொல்லும். புதிதாகச் சேர்ந்தவரிடமோ அந்தப் பழைய செய்திகளின் சாவி இருக்காது, ஏனென்றால் அவை எழுதப்பட்டபோது அவர் அறையில் இல்லை, அவர் கருவிக்குச் சாவி தரப்படவும் இல்லை. சர்வர் அனுமதிக்கிறது, கணிதம் மறுக்கிறது. திரையில் 'திறக்க முடியவில்லை' என்ற வரிகள் வரிசையாக நிற்கும். அழைப்பவரின் கருவியே பழைய சாவிகளையும் சேர்த்துக் கொடுத்துவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவருவதற்குப் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், பூட்டுக்கு வெளியே கிடப்பதும் நிறைய. அறையின் பெயர், அதன் தலைப்பு, யார் யார் உறுப்பினர்கள், யார் எப்போது எழுதினார்கள் என்பதெல்லாம் சர்வர்களுக்குத் தெரியும். ஒரு செய்திக்கு நீங்கள் இடும் இதயக்குறி மறையாக்கம் இல்லாமலேயே போய்க்கொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று தெரியாது, அதற்கு நீங்கள் மனம் நெகிழ்ந்தது மட்டும் தெரியும்.

மறையாக்கப் பொத்தானில் இன்னொரு வினோதம் உண்டு. ஒருமுறை இயக்கினால் அந்த அறையில் அதை மறுபடி நிறுத்த முடியாது. நிறுத்த முடியும் என்று வைத்தால், அறையின் நிலையைக் கையில் வைத்திருக்கும் ஏதோ ஒரு சர்வர் அதை நிறுத்திவிட்டு, உங்கள் செயலி அடுத்த செய்தியை வெறும் எழுத்தாக அனுப்பும்படி ஏமாற்றலாம். அதனால் செயலிகள் பின்வாங்க மறுக்கின்றன. யாரும் வந்து சேரக்கூடிய ஒரு பொது அறையில் இந்தப் பொத்தானை அழுத்தப் போனால் எலிமென்ட் தடுத்து நிறுத்தி ஒரு குறிப்பைக் காட்டுகிறது: இந்த அறையை எவரும் கண்டுபிடித்துச் சேரலாம், சேர்ந்தவர் எவரும் படிக்கலாம், ஆகவே மறையாக்கத்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை, பின்னால் இதை நிறுத்தவும் முடியாது. வேண்டுமானால் தனியாக ஓர் அறை திறந்துகொள்ளுங்கள் என்று அதன் கீழேயே வழியும் காட்டுகிறது.